வெயிலை இறைத்து ஊற்ற முடியாது

என் கண்ணு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். உடம்புக்கு என்று நான் அழுத்திச் சொல்லும்போதே உனக்குப் புரிந்திருக்கும், மற்றது எதுவும் சரியில்லை. போன வாரம் நீ போனில் வீடு விற்றாயிற்றா, அப்பா ஏன் பேச மாட்டேன் என்கிறார், உன் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனாய், நான் அப்புறம் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டேன். அப்பா பக்கத்திலேயே செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது. தவிரவும் போனில் அழுகை வந்தால் நீ அங்கே பதறுவாய், காகிதத்தில் என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கடைசியாக வந்திருந்தபோது அது தெருமுனைச் சாக்கடை மூடியோடு நின்றது, நாம் மூவரும் நின்று வேடிக்கை பார்த்தோம். இப்போது அது வேடிக்கை பார்க்க நம் வீட்டுக்குள் வருகிறது. ஒரு சொட்டு மழை கிடையாது, வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், சுள்ளென்று வெயில் அடிக்கும், குளியலறைத் துவாரத்தில் களுக் களுக் என்று சத்தம் வரும், அவ்வளவுதான், பூனை மாதிரி ஓசைப்படாமல் கூடத்துக்கு வந்துவிடும். முழு நிலாவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் கடல் ஏறும், அப்போது கணுக்கால் வரை நிற்கும், பிறகு தானாக இறங்கும், உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். வாசல் கதவின் கீல் அரித்து விழுந்துவிட்டது. கொய்யா மரம் நின்றபடியே செத்துப்போய்விட்டது. குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, லாரி வந்தால்தான் குடிக்க. தையல் மெஷின்களைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன், பெடலுக்குக் கால் எட்டாமல் நுனி விரலால் மிதிக்கிறேன், இந்த வயதில் நாட்டியம் கற்றுக்கொண்ட மாதிரி. தெருவில் எல்லோரும் பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேலே வெட்டித் தைத்துக் கொடு என்று வருகிறார்கள், அந்த வகையில் பிழைப்புக்குக் குறைவில்லை.

உன் அப்பா பாடுதான் பாவம். பம்ப் ஹவுஸில் நாளெல்லாம் நின்று ஊர்த் தண்ணீரைக் கடலில் தள்ளுகிறார், கடல் அதைத் திருப்பித் தள்ளுகிறது. "நான் முன்வாசல் வழியா அனுப்பறேன், அது பின்வாசல் வழியா உன்கிட்ட வந்துடுது" என்பார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பும் இப்போது போய்விட்டது. மேலே இருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, உலகம் முழுக்கச் சூடாகிறது, கடல் இன்னும் ஏறத்தான் செய்யும், நம் காலத்தில் இறங்காது, இன்னொரு பம்ப் போட்டாலும் கொஞ்ச காலம்தான் தாங்கும் என்று சொன்னாராம். நல்ல மனுஷன், உள்ளதைச் சொன்னார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்த அப்பா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. எதிர்வீட்டுத் தச்சர் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. வாங்க ஆளில்லை, சும்மா போட்டுவிட்டுப் போனார்கள். தெரு பல் போன வாய் மாதிரி இருக்கிறது. நீ வந்துடுங்க வந்துடுங்க என்கிறாய், வர மாட்டோமா. ஆனால் போன கோடையில் உங்கள் பக்கத்துக் காடெல்லாம் எரிந்து, புகை உள்ளே வராமல் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் நீங்கள் இரண்டு பேரும் அடைந்து கிடந்ததை மாப்பிள்ளைதான் சொன்னார், நீ சொல்லவில்லை. வந்துடுங்க என்று சொல்லிவிட்டு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நீ இருமுவது எனக்குக் கேட்கிறது.

அதனால்தான் வீட்டை விற்று இந்த ஊரிலேயே மேட்டுப் பக்கமாக ஒரு அறை பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா முடிவு செய்தார். விலையை நன்றாகக் குறைத்த பிறகு தரகர் ஒரு இளம் ஜோடியைப் பிடித்து வந்தார். அவன் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை, அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். அவர்கள் பார்க்க வரும் நாளை அப்பாதான் குறித்தார். பாதி நிலா நாட்களில் கடல் அவ்வளவாக ஏறாது, அவருக்குத் தெரியாததா. அதற்கு முன்னால் சுவரின் கீழ்ப் பகுதிக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார், பெயிண்ட் பிடிக்காத இடத்தில் பீரோவை நகர்த்தி மறைத்தார், மெஷின்களுக்கு அடியில் இருந்த செங்கலை எடுத்து மாடிக்குக் கொண்டு போனார். நம்ம கழுத்துச் சுருக்கைக் கழட்டி அந்தப் பிள்ளைங்க கழுத்துல மாட்டறதா என்று கேட்டேன். உன் அப்பா ஒரு நாளும் என்னிடம் குரல் உயர்த்தாதவர், அன்றும் உயர்த்தவில்லை, "வேற வழி இருந்தா நீயே சொல்லேன், கேக்கறேன்" என்றார். செங்கல் இருந்த இடத்தைப் பெருக்க ஆரம்பித்தேன். "நீ பொய் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காம இரு, அது போதும்" என்றார். சரி என்றேன். அவரைத் தப்பாக நினைக்காதே கண்ணு, பொறியில் மாட்டினது எந்தப் பக்கம் ஓட்டை தெரிந்தாலும் முட்டத்தான் செய்யும்.

வந்தார்கள். அப்பா அந்தப் பையனை மாடி காட்ட அழைத்துப் போனார். அந்தப் பெண் படியேற முடியாமல் என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள், முகமெல்லாம் வெயிலில் கருகிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, குளியலறைப் பக்கத்து மூலையைக் காட்டி, அங்கே தொட்டில் போடலாம் இல்லையாக்கா என்று கேட்டாள். தண்ணீர் முதலில் வருவது அந்த மூலையில்தான். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், ஆனால் "அங்க வேண்டாம்மா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு என்ன மிச்சம், எழுந்து பீரோவை முட்டித் தள்ளி அதன் பின்னால் பூத்துக் கிடந்த உப்பைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அசரவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. "தெரியும்க்கா. தெருவுல நுழையும்போதே இரும்பு கேட்டெல்லாம் அரிச்சிருந்ததைப் பார்த்தேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தெரிஞ்சா வாங்க மாட்டார், நான் மறுபடி அந்த ரூமுக்குத்தான் போகணும் என்று கெஞ்சினாள். அவர்கள் இருப்பது மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. போன கோடையில் பக்கத்து அறைப் பெரியவர் மத்தியானம் கண்ணயர்ந்தவர் சாயங்காலம் எழுந்திருக்கவே இல்லையாம். அவர் மட்டும் இல்லை, அந்த வாரம் அந்தத் தெருவில் இன்னும் சிலரும் அப்படித்தானாம். இந்த வருஷம் வெயில் அதைவிட முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது என்றாள். "தண்ணி வந்தா வாளியால இறைச்சு வெளிய ஊத்தலாம்க்கா. வெயிலை எங்க இறைச்சு ஊத்தறது?" என்று கேட்டாள். மாடியில் இருப்பவர் ஒரு மாதிரி வாயை மூடச் சொல்கிறார், கீழே இருப்பவள் ஒரு மாதிரி வாயை மூடச் சொல்கிறாள், நடுவில் நான் நகர்த்திய பீரோவோடு நிற்கிறேன்.

அதற்குள் அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். பீரோ இருந்த இடத்தைப் பார்த்ததும் அப்பா படியிலேயே நின்றுவிட்டார். அந்தப் பையன் குனிந்து சுவரைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். மாவில் உப்புப் பார்க்கிற பழக்கம் போலிருக்கிறது. ஒன்றும் கத்தவில்லை, அப்பாவைப் பார்த்து, எப்பெல்லாம் வரும் சார் என்று மட்டும் கேட்டான். அப்பா நினைத்திருந்தால் பழைய கசிவு, சரி செய்தாயிற்று என்று சொல்லியிருக்கலாம். நானே அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார், எந்த நாள், எவ்வளவு உயரம், இன்ஜினியர் என்ன சொன்னார், பம்ப் எவ்வளவு தாங்கும், நிறுத்தவே முடியவில்லை அவரால். தரகர் பாதியிலேயே நழுவிவிட்டார். அந்தப் பையன் கும்பிட்டுவிட்டு மனைவியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான். அவள் வாசலில் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார். நான் ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவளோ தன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

அப்புறம் வீடு வீடாக இல்லை. அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வேலைக்குப் போனார், வந்தார், செங்கலை எடுத்து மறுபடி மெஷினுக்கு அடியில் வைத்தார், பேச்சு மட்டும் கிடையாது. நீ போன் செய்தது அந்த நாட்களில்தான். இதற்கு நடுவில் வெயில் கொதிக்க ஆரம்பித்தது. காலையிலேயே இரும்புக் கம்பியைத் தொட முடியவில்லை, தெருநாய்கள் எல்லாம் வந்து நம் வாசல் உப்புத் தண்ணீரில் படுத்துக் கிடந்தன. டிவியில் மத்தியானம் யாரும் வெளியே வராதீர்கள் என்றார்கள். வெளியே வராதே என்றால் அந்தத் தகரக் கூரைப் பெண் எங்கே போவாள், உள்ளேதானே அவளுக்கு அடுப்பு என்று எனக்குத் தோன்றியது, அப்புறம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போய் அந்தப் பையனிடம் இடத்தை விசாரித்து, அவனையும் கூட்டிக்கொண்டு அந்த மாடிக்கு ஏறினேன். அவள் தரையில் தண்ணீர் தெளித்து, நனைத்த துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் கூட வரவில்லை. "கோவத்தை எங்க வீட்டுக்கு வந்து காட்டு, எழுந்திரு" என்றேன். அவன் தயங்கினான், எப்படி அக்கா சும்மா வந்து இருக்கறது என்றான். சும்மா யார் இருக்கச் சொன்னது, தண்ணி வர்ற அன்னைக்கு வாளி பிடிக்க எங்க ரெண்டு பேருக்கும் இடுப்புல தெம்பு இல்லை என்றேன்.

ஆகவே விஷயம் இதுதான், உன் மாடி அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கேதான் கடல் காற்று வரும், தண்ணீரும் ஏறாது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்க நேரமில்லை. உன் புத்தகங்களையும் பழைய துணிகளையும் பெட்டியில் கட்டிப் பரண் மேல் வைத்திருக்கிறேன், ஒன்றும் தூக்கிப் போடவில்லை. சாயங்காலம் அப்பா வந்து வாசலில் புதுச் செருப்புகளைப் பார்த்துவிட்டு நின்றார், மேலே இருமல் சத்தம் கேட்டது. அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "மாடி ஃபேன் கரகரன்னு சத்தம் போடுமே, எண்ணெய் விடணும்" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான். எண்ணெய்க் கிண்ணத்தோடு மேலே ஏறியவர் வெகுநேரம் இறங்கவில்லை. இப்போது அந்தப் பையனும் அவரும் சேர்ந்து குளியலறைத் துவாரத்துக்கு ரப்பர் அடைப்பு செய்துகொண்டிருக்கிறார்கள். அது நிற்காது, வேறு பக்கம் வரும் என்று இருவருக்கும் தெரியும். அவளுடைய பிரசவத் தேதியும் அடுத்த கடலேற்றமும் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன, அதனால் அவளை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் ரொட்டிக் கடை முதலாளி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று அப்பா பம்ப் ஹவுஸ் காலண்டரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். தெருவில் தண்ணீர் நின்றால் ஆம்புலன்ஸ் உள்ளே வராது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. முன்பு இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தோம், இப்போது நான்கு பேர், இன்னும் கொஞ்ச நாளில் ஐந்து. ராத்திரி படுத்தால் நம் வீடு ஒரு மூடி போட்ட டப்பா மாதிரித் தோன்றுகிறது, கீழே இருந்து தண்ணீர், மேலே இருந்து வெயில். ஆனால் மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்டால் தூக்கம் வந்துவிடுகிறது, ஏன் என்று கேட்காதே.

நீங்கள் அங்கே வேறு வீடு பார்ப்பதாக மாப்பிள்ளை சொன்னார். பார்க்கும்போது தரகரையும் வீட்டுக்காரரையும் விட்டுவிட்டு, அந்த வீட்டுப் பெண்மணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள், அவள் பதில் சொல்லாவிட்டால் அதுவே பதில். நிறையத் தண்ணீர் குடி. புகை நாட்களில் ஓடியாடி வேலைக்குப் போகாதே, வேலை எங்கும் ஓடிவிடாது. இன்னொன்று, அப்பாவிடம் வீட்டைப் பற்றிக் கேட்காதே, ஃபேனைப் பற்றிக் கேள், பேசுவார்.

கடைசியாக ஒன்று கண்ணு. நீ வந்துடுங்க என்பதும் நான் நீ வந்துடேன் என்பதும் இனி வேண்டாம். உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், போய்ச் சேர இடம் இரண்டு பக்கமும் இல்லை. அடுத்த முறை போன் செய்யும்போது உண்மையாக எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன், நீ இருமல் வந்தால் போனைத் தள்ளிப் பிடிக்காமல் என் காதிலேயே இருமு. நானும் அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பயப்படுவோம், பரவாயில்லை, சேர்ந்து பயப்படுவோம்.

நீயும் மாப்பிள்ளையும் நல்ல காற்றும் நிறைந்த ஆயுளுமாக நூறாண்டு இருக்க வேண்டும். டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எழுது, நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா