சங்குப்பூ மணிகளும் சிவப்புச் சோடாவும்

ஜூலை 8, திங்கள்

சிரிஞ்ச் பம்ப் இன்றும் மானத்தை வாங்கிவிட்டது. அதற்கு இருப்பது ஒரே வேலை: சிரிஞ்சின் தண்டைச் சீராகத் தள்ளுவது. கடற்பாசிக் கூழில் கலந்த சங்குப்பூச் சாறு ஊசிமுனையிலிருந்து சொட்டி, கீழே கால்சியம் உப்புக் கரைசலில் நீல மணியாக உறையும். பக்கத்தில் வைத்த இறால் கெட்டால் மணி பச்சையாகும். ஆனால் மணிகள் ஒரே அளவில் இருக்க வேண்டுமே! இன்று விழுந்தவற்றில் சில மிளகு, சில கடுகு.

விலாவன் டீச்சர் தட்டையும் என்னையும் பார்த்தார். "அடுத்த வார வெள்ளி வரைக்கும் பாப்பேன், இங். இப்படியே இருந்தா அறிவியல் போட்டிக்கு உங்க ரெண்டு பேர் பேரையும் அனுப்ப மாட்டேன்."

ஜூலை 9

கையேட்டை மறுபடி படித்தேன். சிரிஞ்சின் உள்விட்டத்தைச் சரியாகப் பதித்தேன். காற்றுக் குமிழி இல்லை. தண்டின் பிடியை இறுக்கினேன். நன்றாகத்தான் ஓடியது. பிறகு திடீரென்று வரிசையாகப் பொடி மணிகள்! ஏன்?

ஜூலை 10

என் கூட்டாளி ஃபாய் செய்ததை எங்கே போய்ச் சொல்ல? பம்புக்கு முன்னால் சிவப்புச் சோடாவைத் திறந்து, உறிஞ்சுகுழல் செருகி, கும்பிட்டு நிற்கிறாள். பள்ளி வாசலில் இடத்தைக் காக்கும் ஆவிகளுக்கென்று இருக்கும் குட்டிச் சாமி வீட்டுக்குச் சோடா படைப்போமே, அப்படி.

"நீ திட்டித் திட்டி உள்ள இருக்கவங்க கோவிச்சுக்கிட்டாங்கடி."

"உள்ள மோட்டார்தான்டி இருக்கு!"

"மோட்டாருக்கு மட்டும் தாகம் எடுக்காதா?"

இவளோடு நான் எப்படி ஜெயிப்பேன்?

ஜூலை 11

சோடாவுக்கு எறும்பு வந்ததுதான் மிச்சம். இன்றும் அதே பொடி மணிகள்.

ஜூலை 16

இன்று ஃபாய் புதுப் பாட்டில் வைத்திருந்தாள். குப்பையில் போடக் கையை நீட்டினேன். தொடுவதற்குள் உறிஞ்சுகுழல் நடுங்கியது. சோடாவில் வட்டம் வட்டமாக அலை. அதே நேரம் ஊசிமுனையில் பாதி வளர்ந்த சொட்டு பொட்டென்று விழுந்தது.

மேசையை ஒட்டி நிற்கும் பழைய ஃப்ரிட்ஜ்! அது உறும ஆரம்பித்ததும் மேசையே அதிர்கிறது. பாவம், பம்ப் மேல் தப்பே இல்லை. இருவரும் ஃப்ரிட்ஜைத் தள்ளி நகர்த்தினோம். அதன் பிறகு எல்லாமே மிளகுதான்.

"பாத்தியா, உள்ள இருக்கவங்களே காட்டிக் குடுத்துட்டாங்க!"

"அது அதிர்வுடி!"

"சரி, அதிர்வுனு காட்டினது யாரு?"

பாட்டிலைக் குப்பையில் போடாமல் பம்புக்கு முன்னாலேயே விட்டுவிட்டேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 19, வெள்ளி

டீச்சர் மணிகளை அளந்து பார்த்தார். எங்கள் பெயரை அனுப்பிவிட்டார். "அதிர்வை எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்கன்னு அறிக்கையில எழுதணும்."

ஃபாய் என்னையே பார்த்தாள். அறிக்கையில் பொய் எழுதலாமா? எழுதினேன்: சிவப்புச் சோடா, ஒரு பாட்டில், உறிஞ்சுகுழலுடன்.

அடுத்த பாட்டில் என் முறையாம். வாங்கிவிட்டேன்.