அந்த நீலம் நிஜமா என்று பார்க்கப் போனோம்

இன்று காலை அலமாரியின் மேலிருந்து பயணப் பையை இறக்கி உதறினேன். பையின் பக்கப் பாக்கெட்டிலிருந்து காய்ந்த குச்சிகள் கொட்டின. அல்பேனியாவில் தேநீர்போலக் கொதிக்கவைத்துக் குடிப்பார்களே, அந்த மலைச்செடி. நீதான் திணித்திருப்பாய், விமான நிலையத்தில் பிடித்தால் நான் மாட்டிக்கொள்ளட்டும் என்று. கையைக் கழுவிய பிறகும் வாசனை போகவில்லை. உட்கார முடியாமல் வீட்டைப் பெருக்கினேன். பெருக்கிய வீட்டையே மறுபடியும் பெருக்கினேன். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லாம் மருத்துவமனை வரிசையில்தானே தொடங்கியது. உனக்குக் கதிர்வீச்சு சிகிச்சை, சிநேகிதி எனக்குத் துணைக்கு உட்காரும் வேலை. உன் கைப்பேசியில் யாரோ எடுத்த அல்பேனியக் கடற்கரை வந்தது. அப்படி ஒரு நீலம். நீ முகத்தைச் சுளித்தாய்.

"எடிட் பண்ணி வச்சிருக்காங்க லா. இப்படி ஒரு கடல் எங்கயும் கிடையாது."

நீலம் நிஜம்தான், பெக்கோக்கில் ரப்பர் மரத்துக்கு நடுவே வளர்ந்தவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். உங்கள் ஊர் பொந்தியான் கடலே தே தாரிக் மாதிரி பால் டீ நிறம், நீ பேசாதே என்றாய். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை. சிகிச்சை முடிந்ததும் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அடுத்த ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் அந்த நீலம் நிஜமா பொய்யா என்று நேரில் பார்த்துவிட வேண்டும். ஸ்கேனில் என்ன வரும் என்று இருவருக்குமே பயம். அதை நாம் பேசவில்லை, டிக்கெட் விலையைத்தான் பேசினோம்.

அல்பேனியத் தலைநகரிலிருந்து கடற்கரைக்கு நேராக ஒரு பஸ். ஏறி உட்கார்ந்தால் போதும், ஒரு பிள்ளைகூடப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நாம் இத்தனை வருடம் ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள். எல்லைப் பாலமான காஸ்வேயில் பஸ் நின்றால் உட்கார்ந்திருக்க முடியுமா? எல்லாப் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கி, ஓடி, பாஸ்போர்ட்டைக் காட்டி, அந்தப் பக்கம் எந்த பஸ் முதலில் நிற்கிறதோ அதில் ஏறிக்கொள்ள வேண்டும். மலைப்பாதையில் ஒரு காப்பிக் கடையில் பஸ் நின்றது. மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு இறங்கினார்கள். நாம் மூட்டை முடிச்சோடு இறங்கினோம். கழிவறைக்குப் போய்விட்டு ஓடி வந்து, முன்னால் புறப்படத் தயாராக நின்ற வெள்ளை பஸ்ஸில் ஏறி, இடம் பிடித்த திருப்தியில் தூங்கியும் போனோம்.

கண் விழித்தபோது கடல் இல்லை. ஒரு ஆறு, அதற்கு மேலே மலைச்சரிவில் ஜன்னல் ஜன்னலாக வெள்ளை வீடுகள். நீ எழுந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தாய்.

"அலமாக். நம்ம செக்பாயின்ட் புத்தி இங்கயும் வந்துடுச்சு டி."

பெராட் என்ற அந்தப் பழைய ஊரைப் பார்க்க உலகத்தில் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நீ மட்டும் தப்பிப்பதற்கு வழி தேடினாய். மறுநாள் காலைவரை பஸ் கிடையாது என்று விடுதிக்காரப் பெண் கையால் சைகை செய்து சொன்னாள், மலைச்செடித் தேநீரும் அத்திப்பழ ஜாமும் கொண்டுவந்து வைத்தாள். நீ குடிக்கவில்லை. கோட்டைக்கு ஏறினாய், இறங்கினாய், வழுக்குக் கல் பாதையில் விழப் பார்த்தாய். கோட்டைக்குள்ளே இன்னும் ஜனங்கள் குடியிருந்தார்கள், கொடியில் துணி காய்ந்தது. கொஞ்சம் உட்காரேன் என்று கெஞ்சினேன். உட்கார்ந்தால் ஸ்கேன் ஞாபகம் வருகிறது என்றாய். அதற்குப் பிறகு நான் உன்னை உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் கிடைத்த வண்டி ஜிரோகாஸ்தர் வரைதான் போயிற்று. அங்கே கூரைகூடக் கல். அந்தச் சாம்பல் நிறக் கூரைகளைப் பார்த்து, இந்த ஊருக்குச் சாயம் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லையா என்று பொருமினாய். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நம் கையில் ஒரே ஒரு மத்தியானம் மிச்சம். அன்று மழை.

கடல் சாம்பலாகக் கிடந்தது. மணலில் குடைகளை மடக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ செருப்போடு தண்ணீரில் இறங்கி முழங்கால்வரை நின்று, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"உங்க பொந்தியான் கடலுக்கா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்த?"

அவ்வளவு சிரித்தோம். எதிர்க் கடைக்காரர் இரண்டு பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே, நீலம் பொய் என்று நிரூபணமாகிவிட்டது, நீ தோற்றாய் என்றாய். ஒரு மழையை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது, மறுபடியும் வருவோம் என்றேன். சரி வருவோம் என்று உடனே சொன்னாய். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஸ்கேனில் புற்று ஈரலுக்கும் பரவியிருப்பது தெரிந்தது. அதன் பிறகு நீ படுக்கையில்கூட ஓடிக்கொண்டுதான் இருந்தாய். ஜன்னலைத் திற, மூடு, கட்டிலைத் திருப்பு, நாளைக்கு என்ன கிழமை. நம் இருவரில் நான்தானே உட்காருகிறவள். நீ போன பிறகு அந்த அவசரம் யாரிடம் போகும் என்று நான் யோசித்ததில்லை, அது என்னிடம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே எழுந்து செருப்பைத் தேடுகிறேன். சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுத் தெருமுனைவரை போய் வருகிறேன். எதற்கு என்று என் மகள் கேட்டால் குப்பை போடப் போனேன் என்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடியும் அந்தக் கடற்கரைக்குப் போகிறேன். தனியாகவா என்று மகள் கேட்டாள், ஆமாம் என்றேன். அங்கே இப்போது வெயில் காலம், ஒரு மேகம்கூட இல்லை என்று கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். அவளுக்குச் சந்தோஷம். மழை பெய்தால் நன்றாக இருக்கும் என்று, யாரிடமும் சொல்லாமல், வேண்டிக்கொண்டிருக்கிறேன். மழை பெய்தால் நீ ஜெயித்தவளாகவே இருப்பாய், நம் சண்டையும் முடியாமல் இருக்கும். நீலமாக இருந்துவிட்டால்? நான் சொன்னதுதான் சரி என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனாலும் போவேன். நீலமாக இருந்தால் அந்தத் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி நின்று பார்ப்பேன். கோபத்தோடுதான் பார்ப்பேன் டி. உன் பங்கையும் சேர்த்துப் பார்ப்பேன்.