உன் அப்பாவின் கைதட்டல்

என் சுண்டுவுக்கு,

நாளைக் காலைக் கட்சிக் கூட்டத்தில் உன் அப்பா கை தட்டுவாரா, மாட்டாரா? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு இதைக்கூடச் சொல்ல முடியவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தெரியவில்லை. நலம் விசாரிக்காமல் எடுத்த எடுப்பிலேயே இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் இங்கே உடம்பளவில் சுகம், நீ அங்கே உடம்பாலும் மனத்தாலும் சுகமாக இருக்கவேண்டும், அந்த இருமல் உன்னை விட்டுப் போயிருக்கவேண்டும். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் சொட்டுகிறது, ஊருக்கெல்லாம் மோட்டார் சரி செய்கிற மனுஷர் வீட்டுக் குழாயைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். நீ கேட்ட சான்றிதழ்களைத் திங்கட்கிழமை தபாலில் அனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் உன்னோடு பேச ஆரம்பித்தால் பக்கத்து அறையில் அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். உன்னோடு பேசவும் வரமாட்டார், நீ பேசுவதைக் கேட்காமல் இருக்கவும் அவரால் முடியாது. இப்போது சனிக்கிழமை மத்தியானம், அவர் கடையில் இருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

கட்சித் தலைவர் விஷயம் அங்கேயும் செய்தியில் வந்திருக்கும். துணிக்கடைச் சந்து தீப்பிடித்து எரிந்தபோது வீடிழந்தவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் ஒரு மாடி முழுக்கத் தலைவரின் சொந்தக்காரர்களுக்கே போயிருக்கிறது. அக்காள் மகள், மச்சினர், கார் ஓட்டுகிறவர். டிவியில் அந்த மாடியைக் காட்டினார்கள், அக்காள் மகள் பால்கனியில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், கேமராவைப் பார்த்ததும் தண்ணீர்க் குவளையோடு உள்ளே ஓடினாள். தலைவர் முதல் நாள் தனக்கு எதுவும் தெரியாது என்றார், மறுநாள் எதிரிகளின் சதி என்றார், அதற்கும் மறுநாள் எல்லாம் முறைப்படிதான் நடந்தது என்றார். எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரே விபத்துக்கு ஒருவர் மூன்று விதமாகக் காரணம் சொன்னால் அந்த மனுவைப் பேசாமல் தனியே எடுத்து வைத்துவிடுவோம். ஆனால் நான் சந்தேகப்படச் சம்பளம் வாங்குகிறவள், எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உன் அப்பா அப்படி இல்லை. அவர் இந்த வட்டத்துக்குக் கட்சிச் செயலாளர், தீயில் எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களிடம் வீடு வீடாகப் போய், நம்ம தலைவர் இருக்கார், உங்களுக்கு வீடு வரும், அதுக்கு நான் பொறுப்பு என்று சொன்னவர் அவர்தான். தையற்காரம்மாவிடமும் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் இன்னமும் முன்தெருவில் யாரோ ஒருவர் வீட்டு நடைவழியில் மிஷினைப் போட்டுக்கொண்டு, ஆள் வந்தால் எழுந்து வழிவிட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் உன் அப்பா கடைக்குப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். கேட்டால் முன்தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களாம். நான் தினமும் அந்தத் தெருவில்தான் பஸ் ஏறப் போகிறேன், ஒரு பள்ளமும் இல்லை.

ஜனங்களின் கோபத்தை நீ நேரில் பார்க்கவேண்டும். சத்தம் போடுகிற கோபம் இல்லை, சிரிக்கிற கோபம், அதுதான் பயமாக இருக்கிறது. பஸ்ஸில் நடத்துநர், உள்ளே தள்ளிப் போங்க, தலைவரோட சொந்தக்காரங்க மட்டும் உக்காரலாம் என்றார், பஸ் முழுக்கச் சிரித்தது. எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கடைக்கு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. ஒருவர், வட்டம் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டு, இதுக்குக் காயில் கட்டுறது இருக்கட்டும், உங்க தலைவருக்கு ஒரு காயில் கட்டிவிடுங்க, அவர்தான் நல்லாக் கருகிப் போயிருக்கார் என்றாராம். இன்னொருவர், ஏன் வட்டம், உங்களுக்கு ஒரு வீடு ஒதுக்கலையா, இவ்வளவு தட்டியும் ஒண்ணும் கிடைக்கலையா என்றாராம். உன் அப்பா கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றைக்குக் காயில் கட்டிய மோட்டார் ஓடவில்லை, சுற்று எங்கோ தப்பிவிட்டது, அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவர் கையில் சுற்று தப்பி நான் பார்த்ததில்லை.

நீ சின்ன வயதில் காதைப் பொத்திக்கொள்வாயே, அந்தக் கைதட்டல்தான் இப்போது பிரச்சினை. இந்தக் கட்சியில் யாரும் கை தூக்கி ஓட்டுப் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. தீர்மானத்தை வாசிப்பார்கள், உன் அப்பா முன்வரிசையில் எழுந்து நின்று தட்டுவார், கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை, பட்டாசு மாதிரி கேட்கும், பின்னாலேயே கூட்டம் தட்டும், ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொள்வார்கள். எப்போது ஆரம்பித்த பழக்கமோ தெரியாது. தீர்மானம் என்ன என்று கவனிக்காதவர்கள்கூட அவர் தட்டியதும் தட்டுவார்கள். உன் சித்தப்பா எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் மைக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவர், எந்தக் கட்சியையும் நம்பாதவர், அவர் சொல்வார், அண்ணி, அண்ணன் கொசு அடிச்சாக்கூட அந்தக் கூட்டத்துல ஒரு தீர்மானம் நிறைவேறிடும் என்று. நாளைக்கு வாசிக்கப் போவது தலைவர் மேல் முழு நம்பிக்கை என்கிற தீர்மானம். எல்லா வட்டத்திலிருந்தும் இப்படி ஒன்று மேலே போகவேண்டுமாம்.

புதன்கிழமை மாவட்டச் செயலாளர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரை எல்லோரும் மாவட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. தேநீர் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். அண்ணே, நீங்க தட்டினாத்தான் கூட்டம் தட்டும், அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், தலைவர் தப்பே பண்ணலைன்னு நான் சொல்ல வரலை, ஆனா தலைவர் போனா கட்சி போச்சு, கட்சி போச்சுன்னா அப்புறம் நாமெல்லாம் யாருண்ணே என்று கேட்டார். எனக்கு அந்த மனுஷரை எப்போதும் பிடிக்காது, கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவர். ஆனால் கடைசியில் கேட்டாரே, அதை நடித்துக் கேட்கவில்லை. உன் அப்பா, பாக்கலாம் என்று மட்டும் சொன்னார். மாவட்டம் போனபிறகு ஆறிப்போன அந்தத் தேநீரை எடுத்து உன் அப்பாவே குடித்தார், தான் என்ன குடிக்கிறோம் என்று தெரியாமல்தான் குடித்திருப்பார்.

நானும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தலைவர் போனால் கட்சி போய்விடுமா? அவருடைய மகன் வருவான் என்கிறார்கள், பேச்சு அதே பேச்சு, சட்டை மட்டும் புதுசு. இளவட்டங்கள் ஏற்கெனவே நழுவிவிட்டார்கள், கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முழங்கால் வலிக்காரர்கள். வேறு கட்சி இருக்கிறதே என்றால், அவர்கள் ஆட்சியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. குட்டையில் எந்த மட்டையை எடுத்தாலும் ஊறினதுதான் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன், அதைச் சொல்லும்போது ஒரு சுகமும் இருந்தது, நம்பாதவளுக்கு ஏமாற்றம் இல்லை பார். ஆனால் தெருவிளக்கு எரியாவிட்டால் நான் யாரிடமும் போய் நின்றதில்லை, உன் அப்பாதான் நின்றார். மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதவர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள், என்னை இல்லை. அவரைப் போன்றவர்கள் எல்லாரும் தலைவரை நம்பி வந்தவர்களா, இல்லை, அவரைப் போன்றவர்களை நம்பித்தான் ஜனங்கள் தலைவருக்கு ஓட்டுப் போட்டார்களா என்று எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. இரண்டாவதுதான் சரி என்றால் போகவேண்டியது யார், இருக்கவேண்டியது யார் என்பது அவ்வளவு கஷ்டமான கணக்கு இல்லை. ஆனால் அதை மேலே இருக்கிறவர்களுக்கு யார் சொல்வது. கீழே இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தட்டுவதுதான். எனக்குக் கட்சியைப் பிடிக்காது, ஆனால் கட்சி இல்லாத உன் அப்பா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் முழுக்க அவரைக் காணாமல் தேடியபோதும் கட்சி அலுவலக மாடியில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தார்.

நீ போன தடவை போனில் அப்பாவிடம் சொன்னதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நீங்க எல்லாம் தட்டித் தட்டித்தான்பா அந்த ஆள் இப்படி ஆனான் என்று சொன்னாய். அதில் பொய் இல்லை. நான் உன் இடத்தில் இருந்தால் அதையே இன்னும் கொஞ்சம் அழகான வார்த்தையில், இன்னும் கொஞ்சம் கொடுமையாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் போகவேண்டிய நேரம் இல்லாத நேரத்தில் கடைக்குப் போனார். அதிலிருந்துதான் உன்னோடு பேசாமல் இருக்கிறார். கோபம் என்று நினைக்காதே. நாளைக்கு அவர் தட்டினால் உன் முகத்தில் எப்படி விழிப்பது, தட்டாவிட்டால் இத்தனை வருஷக் கூட்டாளிகள் முகத்தில் எப்படி விழிப்பது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லி அவர் செய்தால் அது என்னுடையதாகிவிடும், அவருடையதாக இருக்காது. நேற்றுச் சாப்பிடும்போது, நீ என்ன நினைக்கிறே என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் கட்சி விஷயத்தில் என்னை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உங்களுக்குத் தெரியும் என்றேன். சொன்னபிறகு, அது ஆறுதலா, கைகழுவலா என்று எனக்கே புரியவில்லை. இதற்குமேல் இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை, கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன், நாளைக்கு என்ன நடந்தது என்று எழுதிவிட்டு மூடுகிறேன்.

ஞாயிறு, சாயங்காலம். நான் போகவில்லை, மைக் கட்டப் போன உன் சித்தப்பா வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன், அவர் உப்பு மிளகு சேர்ப்பவர் என்பதால் உன் அப்பாவிடமும் சரிபார்த்துவிட்டேன். கட்சி அலுவலக மாடி முழுக்க ஆட்கள். மாவட்டம் தீர்மானத்தை வாசித்தார். உன் அப்பா வழக்கம்போல எழுந்து நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கை இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவரும் தட்டவில்லை. எதிர்ப்பு என்று நினைத்துவிடாதே, அவர் ஆரம்பிக்காமல் ஆரம்பிக்க அவர்களுக்குத் தெரியாது. மாவட்டத்துக்கும் புரியவில்லை, மைக்தான் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என்னப்பா மைக்கு, பின்னாடி கேக்கலை பாரு என்று உன் சித்தப்பாவைச் சத்தம் போட்டார். மைக் நல்லாத்தாங்க இருக்கு, நீங்க திட்டுறது தெருமுனை வரைக்கும் கேக்குது என்றாராம் இவர். மாவட்டம் தீர்மானத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தார், இந்தத் தடவை இன்னும் சத்தமாக. மறுபடி அமைதி. அப்போதுதான் உன் அப்பா, மைக் இல்லாமலே, எனக்குத் தலைவர் மேல நம்பிக்கை போயிடுச்சு, கட்சி மேல போகலை, நான் தட்டலை, மத்தவங்க அவங்கவங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். மாவட்டம் கடைசியில் தானே தட்டினார், பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டினார்கள், மழை பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது என்கிறார் சித்தப்பா. தட்டாதவர்களும் நிறையப் பேர், மடியில் கையை வைத்துக்கொண்டு உன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றுதான் எழுதிக்கொண்டார்கள். தலைவர் நாளைக்கும் தலைவர்தான். மத்தியானமே மாவட்டம் போன் செய்து, உடம்பைப் பாத்துக்குங்க அண்ணே, கொஞ்ச நாள் பொறுப்பை வேற ஆள் பாக்கட்டும் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா, சரி என்றார். சாப்பிட்டார், கொஞ்சம்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார், எங்கே என்று கேட்டேன், தையற்காரம்மாகிட்ட வீடு வராதுன்னு சொல்லணும், வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி என்றார். முன்தெரு வழியாகத்தான் போனார். இன்னும் திரும்பவில்லை.

நன்றாகச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள், யாரோடு கருத்து வேற்றுமை வந்தாலும் தூங்கப் போகுமுன் ஒரு வார்த்தை பேசிவிடு. நீ நினைத்த காரியமெல்லாம் கூடி வரட்டும், எங்கள் ஆசிகள் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மறக்காதே. இது கைக்கு வந்ததும் போன் செய், என்னைக் கேட்காதே, அவரைக் கேள், வருவார். ஆனால் சரியாச் செஞ்சீங்கப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. நமக்குத்தான் அது சரி, அவருக்கு அது துக்கம். வேறு ஏதாவது பேசு, அந்தக் குழாயைப் பற்றிக்கூடப் பேசு.

உன் அம்மா