இடது மட்கார்டு

ஏப்ரல் 23, செவ்வாய்

பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு. ஈஸ்டருக்குச் சுட்ட பன்றித்தொடை இன்னும் தீரவில்லை, மூன்று வேளையும் அதுதான். லோர்ன் எதைத் தட்டில் வைத்தாலும் சாப்பிட்டுவிடுகிறார். எனக்குத்தான் எதைத் தின்றாலும் ஒரே ருசியாக இருக்கிறது.

மதியம் லோர்னின் தம்பி மெர்வ் வந்தான். அண்ணனைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு நேரே எங்கள் காக்‌ஷட் டிராக்டரைப் பார்க்கப் போனான். ஆகஸ்டில் ஊரில் கதிரடி விழா. அதில் ‘வேலை உடுப்பு’ என்று ஒரு பிரிவு — மறுபெயின்ட் அடிக்காமல், வந்த நாளின் நிறத்தோடும் உழைத்த அழுக்கோடும் நிற்கிற பழைய வண்டிகளுக்கு. எங்கள் காக்‌ஷட்டை அதில் நிறுத்த வேண்டுமாம். ஐம்பத்தொன்றில் வந்த பெயின்ட் இப்படி அப்படியே இருக்கிற வண்டி சாஸ்கச்சுவான் மாகாணத்திலேயே கிடையாதாம். எனக்குத் தெரிந்து அது வெளுத்துப்போய்ச் செங்கல்பொடி நிறத்தில் இருக்கிறது. இடது மட்கார்டில் ஒரு ஒடுக்கு, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் துரு. இதற்குத்தான் இவ்வளவு பேச்சு.

கல்யாணமான முதல் கோடையில் ஒரு டப்பா சிவப்பு வாங்கி வந்து அந்தத் துருவின்மேல் பூசப் போனேன். லோர்ன் என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்தார். என்னிடம் அவர் கத்தியது அந்த ஒரே தடவைதான். அன்றிலிருந்து வீட்டில் அது சட்டம். எஞ்சினைப் பிரிக்கலாம், டயரை மாற்றலாம், பெயின்ட்டைத் தொடக்கூடாது. ஒரிஜினல் பெயின்ட் பைத்தியம் என்று ஊரே கிண்டல் செய்யும், அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்போது பாதி நாள் அவருக்கு என் பெயர் வருவதில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

மழை. துணி காயவில்லை. வேறொன்றுமில்லை.

மே 6, திங்கள்

காலையில் ஆளைக் காணோம். கொட்டகையில் இருந்தார். பைஜாமாவோடு, டிராக்டர் பக்கத்தில், இடது மட்கார்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நேராக நின்றிருந்தார், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்பதுபோல. “இதைப் பண்ணது நான்” என்றார். யாரிடம் சொல்கிறாய் என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“டீச்சர், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.”

அவர் சின்னப் பையனாக இருந்தபோது இந்த வீட்டு மாடியில் ஒரு டீச்சர் குடியிருந்தாள், அவளைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறார். அவள் என்று என்னை நினைத்துக்கொண்டார் போல. சரி, சொல்ல மாட்டேன் என்றேன். உள்ளே கூட்டி வந்து கஞ்சி கொடுத்தேன். பாத்திரம் தேய்த்தேன். இவ்வளவு நாள் வாடி போடி என்று பேசியவர் ‘டீச்சர், சொல்லிடாதீங்க’ என்கிறார். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மே 9, வியாழன்

இன்றைக்கு ஓடிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் காற்றைத் தடுக்க நட்ட வேலிச்செடிக்குள் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை, பாதமெல்லாம் ஈரம், கிழிசல். அப்பா தோல்வார் எடுக்கப் போயிருக்கிறார் என்கிறார். யாருக்கு, எதற்கு என்று கேட்டால் வாயை இறுக மூடிக்கொள்கிறார். இவருடைய அப்பாவை எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் கை குலுக்கினார், அதற்கப்புறம் சாகும்வரை என்னிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். பிள்ளைகளை அடிப்பார் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் எதுவும் சொல்கிற குடும்பம் இல்லை இது.

மே 14, செவ்வாய்

மரிட்டெஸ் வந்தாள், வாராவாரம் வரும் நர்ஸ். பாதத்துக்குக் கட்டுப்போட்டாள். நல்ல பெண், சுற்றி வளைக்க மாட்டாள்.

“இன்னொரு தடவை இப்படி ஓடினா நான் மேல சொல்லித்தான் ஆகணும்மா. அப்புறம் சாஸ்கடூன் ஆஸ்பத்திரியில பூட்டி வைக்கிற வார்டுதான். உங்களை விட்டுட்டு அங்க போனா நாளைக்கே இவருக்குப் பேச்சு நின்னுடும். நான் பாத்திருக்கேன்.”

எதைப் பார்த்தால் பயம் வருகிறதோ அதைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள் என்றாள். மெர்வுக்குப் போன் செய்தேன்.

மே 16, வியாழன்

மெர்வ் டிராக்டரைத் தன் பண்ணைக்கு ஓட்டிப் போனான். போகும்போது முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்கென்ன, விழாவுக்கு ஒரு வேலை மிச்சம்.

மே 17, வெள்ளி

இதற்கு முன்பு இருந்ததே தேவலை. காலையிலிருந்து கொட்டகை, தொழுவம், குதிர் எல்லாம் தேடினார். ஒடுக்கு விழவைத்தது போதாதென்று வண்டியையே தொலைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். கையைப் பிடித்தேன், என்னைத் தள்ளிவிட்டார். இடுப்பு வலிக்கிறது. மெர்வைக் கூப்பிட்டு உடனே கொண்டுவா என்றேன். ஏன் என்றான். கொண்டுவாடா என்று கத்தினேன், போனை வைத்துவிட்டேன். இந்த வயதில் அவனை டா போட்டது இதுதான் முதல்.

மே 21, செவ்வாய்

வண்டி திரும்ப வந்துவிட்டது. மட்கார்டில் அந்தத் துரு கண்ணில் படாதபடி பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று மெர்விடம் சொன்னேன். புளிப்புத் தண்டு வைத்து நான் சுட்ட ருபார்ப் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா, ஒரு பொட்டு புதுப் பெயின்ட் பட்டாலும் ‘வேலை உடுப்பு’ போச்சு, திரும்ப எடுக்க முடியாது, அண்ணன் ஆயுசு முழுக்கக் காப்பாற்றி வைத்தது, அவனுக்குப் புத்தி இருந்தால் உன் கையை உடைப்பான் என்று ஏதேதோ சொன்னான்.

நானும் இதையேதான் நான்கு நாளாக யோசிக்கிறேன். தொடாதே என்று சொன்ன லோர்ன் என் புருஷன். அந்த மனுஷன் இப்போது இல்லை. இருக்கிறவர் பத்து வயசுப் பையன், தினமும் பயந்து சாகிறான். யார் பேச்சைக் கேட்பது? போனவர் பேச்சா, இருக்கிறவர் பேச்சா? சொல்லேன் மெர்வ் என்றேன்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு அந்த ஒடுக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்?

ஐம்பத்தைந்தாம் வருஷம். அப்பாவுக்கு வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோக டிராக்டரை ஓட்டியபோது லோர்ன் கேட் தூணில் இடித்துவிட்டார். குதிரை வாரால் அடி. அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்றான் மெர்வ். அடுத்ததைத்தான் சொல்லாமல் இழுத்தான்.

“தினமும் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி அதுமேல கைய வெச்சு ‘இதைப் பண்ணது நான்’னு சொல்லணும். அப்பா காபி குடிச்சிட்டே கேப்பார். பனி விழுற வரைக்கும் நடந்துச்சு. அதுமேல எவனாவது பெயின்ட் அடிச்சா அவன் இந்த வீட்ல இருக்க முடியாதுன்னுட்டார்.”

நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். ஆறு வயசு, ஜன்னலிலிருந்து பார்ப்பேன் என்றான். பின்னால் அண்ணன் ஒரிஜினல் ஒரிஜினல் என்று சொல்ல ஆரம்பித்தபோது, சரி, அவனுக்கு அந்தப் பெயின்ட் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டானாம்.

அந்த மனுஷர் செத்தபிறகும் இவர் ஒருநாள்கூட அதைத் தொடவில்லை. அதை ஒரு பெருமையாக ஆக்கி ஊருக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் நின்று நானும் சிரித்திருக்கிறேன்.

மே 22, புதன்

அந்தக் கிழவனை நினைத்தால் ஆத்திரம் வரவேண்டும். தூக்கம்தான் வருகிறது.

ஜூன் 4, செவ்வாய்

கோ-ஆப் கடையில் சிவப்பு வாங்கினேன். மட்கார்டின் அடிப்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தால் உதட்டுச்சாயம் மாதிரி பளிச்சென்று இருந்தது. மெர்வ் பார்த்துவிட்டு என்னிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டான். கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, இன்னும் என்னவோ கலந்து வெளுத்த சிவப்பாகக் கொண்டுவந்தான். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது, நடுவருக்கும் தெரியாது என்றான். இன்னும் விழா ஆசை விடவில்லை. இருக்கட்டும். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பிரைமர் பூசினேன், இரண்டு கை அடித்தேன். 

ஜூன் 8, சனி

காய்ந்ததும் லோர்னைக் கூட்டிப்போனேன். தூரத்திலிருந்து பார்த்தார், நடை கொஞ்சம் இலகுவாயிற்று. பக்கத்தில் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தார். விரல் நேரே அந்தப் பள்ளத்துக்குள் போய் நின்றது.

“இருக்கு டீச்சர். அப்படியேதான் இருக்கு.”

நிறத்தை மட்டும் பார்த்தேனே, என் புத்தியை என்ன சொல்ல. அவர் தினமும் அதைக் கண்ணால் பார்த்தா பயந்தார்? திரும்ப வேலிச்செடிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

ஜூன் 12, புதன்

மெர்விடம் சொன்னேன். மட்கார்டைக் கழற்றி ஒடுக்கு எடுக்க வேண்டும், பட்டி பார்த்து, முழுக்கவும் புதுச் சிவப்பு அடிக்க வேண்டும். அவனிடம் கேட்பது எனக்கே பாவமாக இருந்தது. அதற்கப்புறம் அது ஒரிஜினலும் இல்லை, ஒன்றும் இல்லை என்றான். தெரியும் என்றேன். தொப்பியைக் கழற்றிக் கொஞ்சநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்பானர் எங்கே என்று கேட்டான்.

ஜூன் 13, வியாழன்

மணல் மூட்டைமேல் மட்கார்டைக் கவிழ்த்துப் போட்டு உள்பக்கமிருந்து மெர்வ் சுத்தியால் தட்டிக்கொண்டே இருந்தான். முதலில் மெதுவாக. பிறகு அவ்வளவு ஓங்கி அடிக்கத் தேவையே இல்லை, அடித்தான். வேர்வை மூக்கில் சொட்டுகிறது. நிறுத்து, ஓட்டை விழுந்துவிடும் என்றேன். “அப்பா செத்து நாப்பது வருஷம் ஆச்சு டோரீன்” என்றான். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை, ஆறிப்போயிற்று.

ஜூன் 15, சனி

மாட்டியாயிற்று. வண்டி முழுக்கச் செங்கல்பொடி, இடது மட்கார்டு மட்டும் ரத்தச் சிவப்பு. பார்க்கச் சகிக்கவில்லை.

லோர்ன் வந்தார். கையை வைத்தார். மேலிருந்து கீழே தடவினார், மறுபடி தடவினார், இரண்டு கையாலும் தேடினார். இல்லை. என்னைப் பார்த்தார், மெர்வைப் பார்த்தார். மெர்வைத் தம்பி என்று தெரிந்ததா, வேறு யாரென்று நினைத்தாரா, தெரியாது.

“அப்பா பாத்தாரா?”

 பார்த்தார் என்றான் மெர்வ்.

“என்ன சொன்னார்?”

மெர்வ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். “‘போய்ச் சாப்பிடு’ன்னார்.”

லோர்ன் மட்கார்டிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் வீட்டுக்குள் போய், மேசையில் உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 10, புதன்

ஒருநாள்கூட ஓடவில்லை. கொட்டகைப் பக்கமே போவதில்லை. மரிட்டெஸ் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்கிறாள். சாஸ்கடூன் பேச்சு நின்றது. சந்தோஷம் என்று எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

விழா. மெர்வ் வண்டியை ஊர்வலத்தில் கடைசியாக ஓட்டி வந்தான். ‘வேலை உடுப்பு’க்காரர்கள் அந்த மட்கார்டைப் பார்த்து, என்னப்பா, உன் அண்ணி கைவண்ணமா என்று கேட்டார்களாம். இல்லை, நான்தான் பண்ணினேன் என்றானாம். 

செப்டம்பர் 17, செவ்வாய்

குத்தகைக்கு விடாமல் வைத்திருக்கிற துண்டு நிலத்து ஓட்ஸ் வந்துவிட்டது. காக்‌ஷட்டோடு தானியத்தை மேலே தள்ளும் ஏற்றுக்குழாயைப் பூட்டிக் குதிருக்கு ஏற்றினேன். வெயில் நன்றாக இருந்ததால் லோர்னை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கம்பளி போர்த்திக்கொண்டு, ரொம்ப சௌகரியமாக, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சூடாகட்டும் என்று மெதுவாக ஓடவிட்டுப் பக்கத்தில் போனேன்.

“நல்ல வண்டி. யாரோடது?”

உன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆறு வயதிலிருந்து கூடவே இருந்த வண்டி. என்னை மறந்தார், தம்பியை மறந்தார், அது மட்டும் பாக்கி இருந்தது. அந்தப் பள்ளம் இருந்தவரை அவருக்கு அது தெரிந்திருந்தது. பள்ளத்தை எடுத்தேன், அதுவும் போயிற்று. உன்னுடையது என்று சொன்னால் திரும்ப எதைத் தேடுவாரோ?

“பக்கத்து வீட்டுக்காரங்களோடது” என்றேன்.

“பாத்து ஓட்டுங்க. ஏதாவது ஆச்சுன்னா கோவிச்சுக்கப் போறாங்க.”

“கோவிச்சுக்க மாட்டாங்க.”

“அப்ப நல்ல மனுஷங்கதான்” என்று சிரித்தார்.

நான் வண்டிக்குப் போய் எஞ்சினை முழுசாகத் திறந்துவிட்டேன், சத்தத்தில் எதுவும் கேட்காது என்று. ஓட்ஸ் முழுக்க ஏறி முடிகிறவரை அழுதேன். குழாயில் ஒன்றும் வராமல் போன பிறகும் கொஞ்சநேரம் வண்டியை நிறுத்தவில்லை.