வகுப்பு மொத்தத்துக்கும் நாலு

ஜனவரி 14, செவ்வாய். வின்னிபெக்.

மருத்துவக் கல்லூரி டீன் ஆபீஸிலிருந்து மனநலப் படிவம், பெயர் எழுதி அனுப்ப வேண்டும். ஒன்பது கேள்வி, கூட்டுத்தொகை ஐந்துக்குக் கீழே என்றால் நலம், மேலே போகப் போக மனச்சோர்வு. போன மாதம்தான் இதைப் பாடமாகப் படித்தோம். எங்களிடமே நீட்டுகிறார்கள்!

மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. குளிக்கப் போனால் அழுகை. உண்மையைச் சொன்னால் பதினேழு வரும். ஒரு வருஷம் வீட்டில் இரு என்று அனுப்பிவிடுவார்கள். மாட்டவே மாட்டேன்.

நாலு வரும்படி நிரப்பினேன். பூஜ்யம் என்றால் எவன் நம்புவான்?

ஜனவரி 15

என்னோடு குடியிருக்கும் ஓடெட்டும் நாலாம். கெட்டிக்காரி.

ஜனவரி 22

டீன் பென்னர் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"நூத்திப் பன்னெண்டு பேர் இருக்கீங்க. நூத்தி ஒன்பது பேருக்கு நாலு."

பின்வரிசையில் எவனோ, "மீதி மூணு பேர், டாக்டர்?"

"அவங்க இன்னும் அனுப்பல."

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்குள் மறுபடியும் நிரப்ப வேண்டுமாம்.

ஜனவரி 23

ஓடெட் வகுப்புக்கே பட்டியல் போட்டுவிட்டாள்: பூஜ்யம் முதல் நாலு வரை ஆளுக்கு ஒரு எண். சந்தேகமே வராதாம்.

"எனக்கு ஒண்ணாடி? என்னப் பாத்தா ஒண்ணு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுதான் மிச்சம். சும்மா போடுடி, மார்லிஸ்."

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு எண்ணுக்கா இவ்வளவு அழுகை? என்னால முடியல. நிஜமாவே முடியல.

ஜனவரி 24

படிவத்தை அப்படியே விட்டுவிட்டு மாணவர் ஆலோசகரிடம் போனேன். வாயைத் திறந்தால், வார்டில் நோயாளியைப் பற்றிப் பெரிய டாக்டரிடம் ஒப்பிப்பதுபோலவே வருகிறது:

"இருபத்தி நாலு வயசுப் பொண்ணு. நாலு வாரமா தூக்கமில்ல. பசியில்ல. அடிக்கடி அழுகை. குடும்பத்துல சர்க்கரை வியாதி உண்டு."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சரி. அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"இங்கதான்... உங்க எதிர்ல" என்பதற்குள் ஓவென்று அழுதுவிட்டேன்.

வீட்டுக்கெல்லாம் அனுப்ப மாட்டார்களாம். இங்கே பேசுவது டீனுக்குப் போகாதாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன!

வெளியே வந்தால், குளிர்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடெட் உட்கார்ந்திருக்கிறாள்.

"பட்டியல்ல உனக்கு எத்தன போட்டுக்கிட்ட?"

"பூஜ்யம்" என்றாள். சிரிக்கத் தொடங்கிப் பாதியில் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆலோசகரிடம் பத்து மணிக்கு நான், பதினொன்றுக்கு ஓடெட். மூன்றாவது தடவை.

நேற்று ஆறு மணி நேரம் தூங்கினேன். இன்னும் தூங்கியிருப்பேன். பக்கத்து அறையில் ஓடெட் விட்ட குறட்டை எழுப்பிவிட்டது.