இல்லை என்று சொன்ன பதில்

2009 ஜூன் 11
மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள். எட்டு வயது மகள் இன்றுதான் முதன்முறையாக, நடுவில் எழுந்து ஓடாமல் சாப்பிட்டு முடித்தாள். மதியம் அவள் டீச்சர் நான் வேலை பார்க்கும் கடைக்கே போன் செய்தார்: போர்டில் இருந்ததை முழுக்க எழுதிவிட்டாளாம். கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பதற்கு ஏடிஹெச்டி என்று டாக்டர் சொல்லக் கேட்ட நாளிலிருந்து சரியாகத் தூங்காத என் மனைவி, இதைக் கேட்டு அழுதுவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் இரண்டு லென்ஸைத் தவறாகத் தேய்த்து வீணாக்கினேன். முதலாளி சிரித்துக்கொண்டே வேறு இரண்டை எடுத்துக் கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஜூலை 9
முதல் மாதத்திலேயே இவ்வளவு முன்னேற்றம் தெரிவது நல்ல அறிகுறி என்றார் டாக்டரம்மா. "ஆனா மாத்திரை மட்டும் போதாதுங்க. பெத்தவங்களுக்கு நடக்கிற வகுப்புக்கு நீங்க ரெண்டு பேரும் வரணும்." பத்து வகுப்பு. தலையாட்டிவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 20
மூன்று வகுப்போடு நின்றுவிட்டோம். பிள்ளைதான் நன்றாக இருக்கிறாளே.

செப்டம்பர் 2
ஸ்கூட்டரில் வரும்போது மகள் பேசுவதே இல்லை. முன்பெல்லாம் வீடு வருவதற்குள் என் காது புளித்துப்போகும். ஏன் கண்ணு என்று கேட்டேன்.
"பேசறதுக்கு உள்ள ஒண்ணும் வரலப்பா."
வேறு மாற்றம் ஏதாவது தெரிகிறதா என்று டாக்டரம்மா இன்று கேட்டார். இல்லை என்றேன். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ, மறுபடி பழையபடி ஆகிவிடுமோ என்று பயம். ஒருவேளை அளவை மட்டும் குறைத்திருப்பாரோ? கேட்கவே இல்லையே நான்.

2010 ஏப்ரல் 3
பள்ளியில் மகள் நான்காம் ரேங்க். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு வீட்டில் மகளின் சத்தம் வேண்டியிருக்கிறது.

2016 நவம்பர் 17
மகளுடைய பழைய ஷூவுக்குள் அத்தனை மாத்திரையும். நாலு மாதமாக விழுங்கவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் கத்தவில்லை.
"அதைச் சாப்பிட்டா உங்களுக்கு என்னைப் பிடிக்குது. எனக்குத்தான் என்னைப் பிடிக்கல."
இனி மாத்திரை வாங்கப் போவதில்லை.

2019 ஜூலை 28
மகள் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டாள். வேறு ஊரில், கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையாம். பஸ்ஸில் ஏறியதும் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றிருந்தேன்.

2020 மே 10
மகள் போன், மனைவியின் நம்பருக்கு. அம்மாவோடு நாலு வார்த்தை, அப்பா நல்லா இருக்காரா, அதோடு சரி. பக்கத்தில்தான் நிற்கிறேன்.

2021 அக்டோபர் 5
அந்தப் பழைய மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். அப்போது சிகிச்சை எடுத்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்களாம். படிப்பு, வேலை, விபத்து, சிநேகிதர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. ஆரம்பத்தில் மாத்திரையால் ஏதாவது தொந்தரவு இருந்ததா என்றும் கேட்டார்.
இல்லை என்றேன்.
பன்னிரண்டு வருஷம் கழிச்சும் அதே பொய். என்ன ஆளுடா நீ?
மகளின் நம்பர் கேட்டார். கொடுத்தேன்.

2022 ஜனவரி 16
மகள் கூப்பிட்டாள். என் போனில். அந்தப் பெண் பேசிய பிறகு, தானாகவே அவள் இருக்கும் ஊரில் ஒரு டாக்டரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். சின்ன வயதில் நடந்ததைச் சொல்ல வீட்டு ஆள் ஒருவர் வேண்டுமாம். "நீங்க வாங்கப்பா."

ஜனவரி 24
மகளின் ஊரில், அவள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.
டாக்டர் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேச்சு நின்றது, தெரிந்தும் நான் மறைத்தது, வகுப்பை விட்டது. மகள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரையை மறுபடி குறைந்த அளவில் தொடங்கலாம், எப்படி இருக்கிறதென்று அவளே சொல்லட்டும் என்றார் டாக்டர்.
வெளியே வந்ததும் சொன்னாள்: "நீங்க கவனிச்சீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. சொல்வீங்களான்னுதான் இத்தனை வருஷம் பார்த்தேன்."
நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பட்டுமா என்று சற்று முன் கேட்டேன். மகள் எழுந்தாள். வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள்.