கதவைத் தள்ளாதே, கீழே இறங்கி வா

மகாராணிக்கு,

சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளாதே. ஒரு சாண் திறக்கும். அதற்கு மேல் யானையே வந்து முட்டினாலும் நகராது.

"புயல் வருதுங்க, பால்கனியில ஒரு பூந்தொட்டிகூட இருக்கக் கூடாது!" என்று காலையில் உத்தரவு போட்டுவிட்டு வேலைக்குப் போனாய் அல்லவா? இப்போது அங்கே தூசி துரும்பு கிடையாது. அடைத்திருந்த தண்ணீர் வெளியேறும் குழாயைக்கூட உன் நீளக் கரண்டியால் குடைந்துவிட்டேன். உள்ளே ஒரு குட்டிக் காடே இருந்தது.

தொட்டிகளை வாசல் கதவுக்குப் பின்னால், ஆள் நுழையச் சந்து விட்டு, கோட்டைச் சுவர் மாதிரி அடுக்கினேன். குப்பை போட வெளியே வந்து கதவைச் சாத்தியதுதான் தாமதம், எலுமிச்சைத் தொட்டி சரிந்து தாழ்ப்பாளாகப் பதவியேற்றுக்கொண்டது. என் கண்ணாடி, செருப்பு, போன், மானம் எல்லாம் உள்ளே.

கதவைக் கழற்றத் தச்சர் வரும்வரை கீழ்வீட்டில் இருக்கிறேன். ஆமாம், நம் தொட்டித் தண்ணீர் துணியில் சொட்டியது என்று சண்டை போட்டாரே, நீ இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாத அதே அம்மாதான். காற்று ஆரம்பித்துவிட்டது, மாடிப்படியில் முறைத்துக்கொண்டு நிற்காதே.

நடந்ததைச் சொன்னதும் அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அக்காவ வரச் சொல்லுங்க சார். உங்களத் தனியாளா திட்டி எனக்குக் கட்டுப்படியாகாது."

பி.கு: உனக்கும் காபி போடுகிறார். "அக்காவுக்குச் சக்கரை எவ்ளோ?" என்று கேட்டார். முழித்தேன். அதற்கும் திட்டு விழுந்தது. நீயே வந்து சொல்லிவிடு.